தாத்தா கூப்பிட்ட ‘படவா’ கெட்ட வார்த்தையா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். சின்ன வயதில் உங்கள் தாத்தா உங்களை ‘படவா’, ‘படவா ராஸ்கல்’ என்று செல்லமாகக் கூப்பிடுவார். இப்போது ஹைதராபாத்தில் வேலை. அதே பழக்கத்தில் உடன் வேலை செய்யும் நண்பரைப் பார்த்து ‘அட படவா’ என்று சொல்லிவிட்டீர்கள், அவர் முகம் மாறிவிட்டது, அப்புறம்தான் உருதுவில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது. அது கெட்ட வார்த்தைதானா, தாத்தா தெரிந்துதான் சொன்னாரா, இனி நம் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடலாமா என்று கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: வசையாகப் பிறந்த சொல், ஊரே அந்த வசையை மறந்த பிறகும், உள்ளுக்குள் வசையாகவே இருக்குமா? அகராதி வேலையிலும் மொழியியல் பாடம் நடத்துவதிலும் என் வேலைக்காலம் போயிற்று. அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கே உறுதி, எங்கே ஊகம் என்றும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் மனசுக்கு வேண்டிய பதில். தாத்தா உங்களைத் திட்டவில்லை. தமிழில் ‘படவா’ என்றால் குறும்புக்காரப் பயல், அவ்வளவுதான். கோபத்தில் சொன்னால் கொஞ்சம் காரமாக இருக்கும், சிரித்துக்கொண்டு சொன்னால் கொஞ்சல். அந்தச் சொல்லின் உருதுப் பொருள் அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு குறைவு. தெரிந்திருந்தாலும் அவர் பேசியது தமிழ், உருது இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்றால், இந்தியிலும் உருதுவிலும் ‘பட்வா’, ‘படுவா’ என்பதுபோல் ஒலிக்கும் ஒரு சொல் இருக்கிறது. பெண்களை வைத்துத் தொழில் நடத்தும் தரகனைக் குறிப்பது. வடக்கே இன்றைக்கும் அது கைகலப்பில் கொண்டுபோய் விடக்கூடிய வசை. தக்கனி உருது பேசும் ஹைதராபாத்திலும் அப்படித்தான். இதுவரை உறுதி. நம் ‘படவா’ அதிலிருந்து வந்தது என்பது எனக்கு மிக நம்பகமாகப் படுகிறது, ஆனால் நூற்றுக்கு நூறு என்று எழுதித்தர மாட்டேன். கன்னடத்தில் ‘படவ’ என்றால் ஏழை, அங்கிருந்து வந்தது என்றும் ஒருவர் வாதிடலாம். எனக்கு அது ஒட்டவில்லை. தமிழில் இந்தச் சொல் எந்தக் காலத்திலும் ஏழையைக் குறித்ததில்லை, போக்கிரியைத்தான் குறித்திருக்கிறது, அதாவது பொருள் உருதுச் சொல்லின் பக்கமே நிற்கிறது.

சரி, அவ்வளவு கனமான சொல் எப்படிப் பாட்டி தாத்தா வாயில் கொஞ்சலாயிற்று? தமிழ்நாட்டில் உருதுவும் பாரசீகமும் பெரும்பாலும் அதிகாரத்தின் வழியாக வந்தன. ஆற்காட்டு நவாபு ஆட்சி ஒருபக்கம், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை தஞ்சையில் மராட்டியர் ஆட்சி இன்னொருபக்கம். தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ஜப்தி, ரசீது எல்லாம் அப்படி உள்ளே வந்தவைதான். கச்சேரி என்று அன்றைக்குச் சொன்ன அரசு அலுவலகத்திலும் பட்டாளத்திலும் சட்டம் மட்டுமா பேசுவார்கள், திட்டவும் செய்வார்கள். மேலே இருப்பவன் திட்டும் சொல்லைக் கேட்பவனுக்கு அதன் தொனி பிடிபடும், உள்ளே இருக்கும் படம் பிடிபடாது. பிற மொழி வசைச் சொல் தாய்மொழி வசை அளவுக்கு நெஞ்சில் தைப்பதில்லை என்பது மொழியியலிலும் உளவியலிலும் நன்றாகத் தெரிந்த விஷயம். நாம் தமிழில் சொல்லக் கூசுவதை ஆங்கிலத்தில் சட்டென்று சொல்லிவிடுகிறோமே, அதே காரணம்தான். ‘ராஸ்கல்’ பக்கத்திலேயே ‘படவா’ வந்து உட்கார்ந்துகொண்டதும் தற்செயல் இல்லை. இரண்டும் எஜமானர் வாய்ச் சொற்கள்.

இன்னொன்று என் சொந்த ஊகம், எங்கேயும் படித்ததல்ல. தமிழில் கண்ணன் என்ற பெயரை விளித்தால் கண்ணா, முருகன் என்றால் முருகா. ‘படவா’ வந்து விழுந்தது அந்த அச்சில். ராஜா, கண்ணா, படவா என்று ஒரே வாயில் அடுக்கினால் காதுக்கு உறுத்தவே உறுத்தாது. கூப்பிடுவதற்கென்றே செய்த சொல் மாதிரி இருந்ததால் யாரும் அதன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம், திட்டிக் கொஞ்சுவது நம் வீடுகளின் பழைய பழக்கம். ‘திருட்டுப் பயலே’, ‘போக்கிரி’, ‘கழுதை’ என்றெல்லாம் சொல்லி முத்தம் கொடுப்பார்கள். பிறக்கும் குழந்தைகள் தங்காமல் போன வீடுகளில் அடுத்த குழந்தைக்குக் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்தார்கள். இது ஒன்றுக்கும் உதவாத குப்பை, இதை எமன் எடுக்க வேண்டாம் என்று அர்த்தம். பெற்றவளின் பயம் முழுவதும் அந்த இழிபெயருக்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வெளியிலிருந்து வந்த ஒரு வசையைக் குழந்தையின்மேல் போட்டுக் கொஞ்சுவது மிக இயல்பாக நடந்திருக்கும்.

இதற்கு மிகப் பழைய சான்று தேவாரத்திலேயே இருக்கிறது. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து ‘நீ எனக்கு அடிமை’ என்கிறார். அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையா, நீர் என்ன பித்தரா என்று சுந்தரர் கேட்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூருக்குப் போகிறது, ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது, வந்தவர் சிவன் என்று தெரிகிறது. பாடு என்று இறைவன் சொல்ல, என்னவென்று பாடுவேன் என்று அவர் தயங்க, என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே பாடு என்று பதில் வருகிறது. ‘பித்தா பிறைசூடி’ என்று தொடங்குகிறது பதிகம். இப்படித்தான் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் சொல்கிறார். வரலாற்றில் இது அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியம், கல்யாணப் பந்தலில் ஆத்திரத்தில் வீசிய ஒரு வசை கோயிலில் பாடும் விளியாக மாறலாம் என்று தமிழ் மனசு அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான். ஓதுவார் ‘பித்தா’ என்று எடுக்கும்போது அங்கே யாருக்கும் வசை காதில் விழுவதில்லை. அந்தச் சொல்லுக்கு இன்னமும் பைத்தியம் என்ற பொருள் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பொருள் மாறவில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இருக்கும் உறவு மாறியது.

உங்கள் கேள்விக்கு இலக்கணமே பதில் சொல்லியிருக்கிறது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். தொல்காப்பியம் கெட்ட வார்த்தையை ‘அவையல் கிளவி’ என்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல். அதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு நூற்பா. உடனே அடுத்த நூற்பா: ‘மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்’. அப்படி மறைக்கும்போது, வழக்கில் மருவிப் பழகிப்போன சொற்களை மறைக்க வேண்டியதில்லை என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். ‘ஆப்பி’ என்பது அவர்கள் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு. ஆ என்றால் பசு, அதோடு சேர்ந்திருப்பது நாம் சபையில் சொல்லக் கூசும் சொல். ஆனால் சேர்ந்து மருவிய பிறகு அது வாசல் தெளிக்கும் சாணிதான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எனக்கு இந்த இரண்டு நூற்பாவும் மிகவும் பிடிக்கும். ஒரு சொல் கெட்டதா இல்லையா என்பதை அதன் வேரை வைத்துப் பார்க்காமல் அவையை வைத்துப் பார்க்கிறது, பழகிப்போனால் விலக்கும் கொடுக்கிறது. நவீன மொழியியல் சுற்றிவளைத்துச் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆனால் அவை என்பது ஒன்றே ஒன்று இல்லையே. உங்கள் சிக்கல் அங்கேதான். மயிலாப்பூர்த் திண்ணை ஓர் அவை, ஹைதராபாத் அலுவலகம் வேறோர் அவை. உங்கள் நண்பர் காதில் விழுந்தது அவருடைய மொழிச் சொல், அவர் மொழியின் பொருளோடு. அவருக்குக் கோபம் வந்தது நியாயம், உங்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பதும் நிஜம். இதே மாதிரி ‘பேமானி’யைப் பாருங்கள். ஈமான் என்றால் நம்பிக்கை, நேர்மை. அது இல்லாதவன் என்பது பாரசீகம் வழியே உருதுவில் கடுமையான குற்றச்சாட்டு. சென்னைத் தமிழில் அது ரிக்‌ஷா நிறுத்தத்துச் சண்டைச் சொல்லாகி, பிறகு நண்பனைச் சீண்டும் சொல்லாகி விட்டது. ‘கஸ்மாலம்’ அதைவிடத் தூரம் வந்தது. குருக்ஷேத்திரத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனிடம் கண்ணன் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கேட்கும் முதல் கேள்வியிலேயே ‘கச்மலம்’ வருகிறது, இந்த நேரத்தில் உனக்கு இந்த மனக்கலக்கம் எங்கிருந்து வந்தது என்று. அதற்கு அழுக்கு என்றும் பொருள் உண்டு. அந்த அழுக்குதான் சென்னைத் தெருவில் தங்கியது.

‘பன்னாடை’ வேறு ரகம். தென்னை, பனை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அது. கள்ளோ நெய்யோ அதில் வடிகட்டினால் நல்லதெல்லாம் கீழே போய்விடும், கசடு மட்டும் அதில் தங்கும். நன்னூல் கடைநிலை மாணாக்கனுக்கு நெய்யரியை, அதாவது நெய் வடிகட்டும் பன்னாடையை, உவமை சொல்வது இதனால்தான். இந்த வசைக்குள் எந்த மனிதக் கூட்டமும் இல்லை, மரத்து நார்தான் இருக்கிறது. அதனால் இது சாதுவாவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கம்மனாட்டிக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் மனம் கனக்கும். கைம்பெண்டாட்டி என்ற சொல் தேய்ந்ததுதான் அது. அதாவது கணவனை இழந்தவள். அதே பொருளில் ‘அறுதலி’ என்று ஒரு வசை உண்டு, ‘முண்டை’ என்று ஒன்று உண்டு. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த துயரத்தையே எடுத்து அவள் முகத்தில் எறிய நம் மொழி மூன்று சொல் வைத்திருந்தது. இப்போது பாருங்கள், ‘கம்மனாட்டி’யை ஆண்கள் ஆண்களைப் பார்த்துச் சொல்கிறார்கள், சொல்பவருக்குக் கைம்பெண் நினைவே இல்லை. அறுதலியை அப்படி யாரும் விளையாட்டாகச் சொல்ல மாட்டார்கள். காரணம் ஒலி என்றுதான் நினைக்கிறேன். கம்மனாட்டியில் கைம்பெண் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொல் தேய்ந்துவிட்டது. அறுதலியில் அறுந்த தாலி இன்னும் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு சொல் மருவினால் விஷம் குறையும் என்ற தொல்காப்பியக் கணக்கு இங்கே பொருந்துகிறது. ஆனாலும் ஒரு கைம்பெண் முன்னால், இதன் வரலாறு தெரிந்த நான், அந்தச் சொல்லை விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டில் அவரை ஓரமாக உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இங்கேதான் நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல நினைக்கும் விஷயம் வருகிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், எனவே சாதாரணச் சொல் ஆகிவிட்டது என்ற முடிவு பாதி நேரம் தப்பு. மறந்தது யார் என்று பார்க்க வேண்டும். ‘கேப்மாரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுக்காரன் என்ற பொருளில் சினிமாவில், தெருவில், வீட்டில் எங்கும் சொல்கிறோம். தொப்பி மாற்றித் திருடுபவன், அதனால் அந்தப் பெயர் என்று ஒரு கதையும் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை, பெயர் பழகிய பிறகு காரணம் கட்டும் கதைகள் இப்படித்தான் இருக்கும். உறுதியான விஷயம் வேறு: அது ஒரு சமூகத்தின் பெயர். தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில், அதாவது முன்பு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களின் பட்டியலில், சில மாவட்டங்களுக்கு எதிரே அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. 1871-இல் வடக்கே தொடங்கி 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையைக்கூடப் பிறப்பால் குற்றவாளி என்று சொன்னது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அதை நீக்கினார்கள், நாடு முழுவதும் 1952-இல் போயிற்று. சட்டம் போனது, வசை மட்டும் தெருவில் தங்கிவிட்டது. பள்ளியில் சாதிச் சான்றிதழோடு நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது சாதாரணச் சொல் ஆகியிருக்குமா? நமக்குத்தான் மறந்துபோயிற்று.

‘சண்டாளன்’ இன்னும் தெளிவான உதாரணம். பாட்டுகளில் காதலியைக் கொஞ்ச ‘சண்டாளி’ வரும், கிராமத்தில் அழுது புலம்பும்போது ‘அந்தச் சண்டாளன்’ என்று வரும். பட்டியல் சாதிகளின் அரசுப் பட்டியலில் அந்தப் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது. 2024 ஜூலையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் அந்தச் சொல்லைப் பொதுவெளியில் பயன்படுத்துவதற்கு எதிராகச் சொன்ன பிறகுதான் பலரும் யோசித்தார்கள். எப்போதும் சொல்வதுதானே, இதில் என்ன என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் வாயில் அது வெறும் வசைதான். கேட்பவர் வாழ்க்கையில் அது வேறு.

இந்த மறதி கடல் தாண்டியும் போயிருக்கிறது. ஒதுக்கப்பட்டவன் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பரையா’ என்கிறார்கள், உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே பறையர் என்ற பெயர் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. எழுதும் பத்திரிகையாளருக்கு அதில் எந்த மக்களும் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் படிக்கும் ஒருவருக்குத் தெரிகிறார்கள்.

அதே பெயரை வைத்து நடந்த இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசையாக எறிந்ததை எடுத்துத் தலைப்பில் வைத்துக்கொண்டார். அதே காலத்தவரான அயோத்திதாசர் அந்தப் பெயர் மற்றவர்கள் ஒட்டியது, நாங்கள் பூர்வ பௌத்தர் என்று மறுத்துவிட்டு 1907-இல் தன் பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சென்னை அரசு ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. இவர்களில் யார் வழி சரி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்தத் தீர்மானம் அந்தப் பெயரைச் சுமந்தவர்களுடையது. ஒன்று மட்டும் நிச்சயம். ஒரு வசையைப் பெருமையாக்கும் அதிகாரம் வசை வாங்கியவருக்கு உண்டு, வசை சொன்னவருக்குக் கிடையாது. நண்பர்கள் தங்களுக்குள் ஒரு சொல்லைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதால் வெளியாள் நாமும் சொல்லலாம் என்று கிளம்புவது இதனால்தான் பொருந்துவதில்லை. ‘மெண்டல்’, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறோமே, வீட்டில் ஒருவரைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வரும் குடும்பத்தார் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

எல்லாச் சொல்லும் வசையிலிருந்து நல்ல பக்கமாகத்தான் நகரும் என்றும் இல்லை. ஆண்டாள் ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று கேட்டபோது நாறுதல் நறுமணம், இன்றைக்கு மூக்கைப் பொத்துகிறோம். அகப்பாட்டில் ‘கிழவன்’ தலைவன். இந்த இரண்டு திசைக்கும் உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என்று பெயர் வைத்திருக்கிறோம், நடந்து முடிந்ததை விளக்கவும் முடிகிறது. இன்றைக்கு இளைஞர்கள் சொல்லும் எந்தச் சொல் இன்னும் 50 ஆண்டில் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல மொழியியலால் முடியாது. யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் விஷயம். நண்பரிடம் நேராகப் பேசிவிடுங்கள்: எங்கள் வீட்டில் இது பேரப்பிள்ளையைக் கூப்பிடும் சொல், உங்கள் மொழியில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது, மன்னியுங்கள் என்று. மொழி ஆராய்ச்சி எல்லாம் அவரிடம் வேண்டாம், புண்பட்டவருக்குச் சொல்லாராய்ச்சி சமாளிப்பு மாதிரித்தான் கேட்கும். தாத்தாவின் ‘படவா’வை மனசுக்குள் கெட்ட வார்த்தையாக மாற்றிக்கொள்ளாதீர்கள், அவர் சொன்ன அர்த்தம்தான் அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்தது. பிள்ளையைக் கூப்பிடலாமா என்றால், தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஹைதராபாத்தில் பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளை என்றால் அங்கே இருக்கும்வரை வேறு செல்லப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்டதை அது வகுப்பில் பக்கத்துப் பையனிடம் சொல்லும், அர்த்தம் தெரியாமலேயே ஆசிரியர் முன்னால் போய் நிற்கும்.